மூன்றாவது மூட்டின் செம்புக் கம்பி

மாமா,

இதை எழுதும் பலகையின் மேல் ஒரு செம்புக் கம்பித் துண்டு கிடக்கிறது. ஒரு சாண் நீளம்கூட இராது. பச்சைக் களிம்பு பிடித்து, வளைந்த வளைவு நிமிராமல், எதையோ இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பது போலவே இருக்கிறது. நேற்றுக் காலை எங்கள் கொல்லையைத் தோண்டினோம். பூமிக்குள் கிடந்த குழாயின் மூன்றாவது மூட்டிலிருந்து இது வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் உங்கள் கையால் சுற்றிய கம்பி. முறுக்கு இடப்பக்கமாகப் போயிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது. நீங்கள் இடக்கைக்காரர்.

இந்த மடலை எழுத உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். கேட்கிற ஆளாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

குழாய் வேலைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று நான் அலைந்தது வாழ்நாளில் இரண்டு தடவை. முதல் தடவை, தங்கச்சி பேச்சியம்மாளுக்குத் தேவாரம் ஊரில் மாப்பிள்ளை பார்த்து முடித்த வருடம். இரண்டாம் தடவை, போன மாதம்.

முதல் தடவை எதற்காக அலைந்தேன் என்பதை இப்போதாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் கூடலூர் வீட்டில் கிணறு கொல்லையின் கடைசியில் இருந்தது. அங்கிருந்து அடுப்படிக்கு நாற்பது அடி. என் மனைவியும் பேச்சியும் இறைத்து இறைத்துச் சுமந்தார்கள். அடுப்படி வாசலில் ஒரு கைபம்பு வைத்து, அதிலிருந்து கிணற்றுக்குப் பூமிக்கடியில் குழாய் போட்டுவிட்டால் பெண்களின் கஷ்டம் தீரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு. எங்கள் தெருவில் எவன் வீட்டிலும் கைபம்பு கிடையாது. தேவாரத்துச் சம்பந்திகள் வந்து இறங்கும்போது அது அங்கே நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்களைப் பற்றிக் கம்பத்து அரிசி மில்காரர்தான் சொன்னார். அவர் மில்லில் நீங்கள் போட்ட பம்பைக் காட்டி, "இந்த ராவுத்தரு குமுளிக்கு அங்கிட்டு எஸ்டேட்டுல குழாய் மாட்டுற பிட்டரா இருந்தவக. முடிஞ்சிருச்சுன்னு அவுக வாயால சொன்னா முடிஞ்சது. சொல்லலேன்னா நம்ம கை வைக்கக் கூடாது" என்றார். நான் அதோடு விடவில்லை. இன்னும் மூன்று இடத்தில் விசாரித்தேன். பிறகு உங்கள் வீட்டுக்கே வந்து, எங்கே பழகினீர்கள், யாரிடம் பழகினீர்கள், எத்தனை பம்பு போட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "மாடு வாங்க வந்தாப்புல பல்லைப் புடிச்சுப் பாக்குறீகளே மாப்பிள்ளே" என்றீர்கள். நம் பக்கத்தில் உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும் மாமன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வது எப்போதும் உள்ளதுதான். ஆனால் நீங்கள் என்னை அப்படிக் கூப்பிட்ட விதத்தில் நான் அன்றைக்கே உங்களோடு ஒட்டிக்கொண்டேன்.

பிறகு நீங்கள் கேட்டீர்கள். "வேலைக்காரன நம்பலாமான்னு எல்லாரும் கேக்குறாக. வேலை குடுக்குறவகள நம்பலாமான்னு நான் யாருகிட்டப் போயிக் கேக்க?"

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "ஒன்னே ஒன்னுதான் மாப்பிள்ளே. நான் முடிஞ்சிருச்சுன்னு சொல்ற வரைக்கும் குழியில ஒரு கை மண்ணு விழக் கூடாது. மூட்டெல்லாம் மாட்டுன பெறகு மூணு நாளு தெறந்தே கெடக்கணும். சம்மதமா?"

"சம்மதம் மாமா. இது ஒரு பெரிய காரியமா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

நீங்கள் வேலை செய்ததைப் பார்ப்பதற்காகவே நான் வயலுக்குப் போகாமல் இருந்த நாட்கள் உண்டு. குழாய் முனையின் மரையில் சணல் நாரைச் சுற்றி, வெள்ளைச் சபேதா மையை வழித்துப் பூசி, இரண்டு குழாயையும் சேர்க்கும் காலரை ஏற்றி ரிஞ்சுச் சாவியால் இறுக்குவீர்கள். இறுக்கியதும் எழுந்துவிட மாட்டீர்கள். பம்பை அடிக்கச் சொல்லிவிட்டு மூட்டின் மேல் காதை வைத்துப் படுத்துக்கொள்வீர்கள். பேச்சிக்கு அது பெரிய வேடிக்கை. "என்ன மாமா சொல்லுது குழாயி?" என்று கேட்பாள். "ஒம் மாப்பிள்ளை வீட்டுக்காரக ரொம்ப நல்லவகன்னு சொல்லுது தாயி" என்பீர்கள். அவள் முகம் சிவந்து உள்ளே ஓடுவாள். அவளுக்குப் பதினேழு வயது.

நான்கு மூட்டு. ஒவ்வொன்றையும் மாட்டியதும் அதன்மேல் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவீர்கள். மனசுக்குச் சரியென்று பட்டபிறகு அதை அவிழ்த்து மடியில் செருகிக்கொள்வீர்கள். கம்பி இருந்தால் அந்த மூட்டை நீங்கள் இன்னும் ஏற்கவில்லை என்று அர்த்தம். எஸ்டேட்டில் பிட்டர்களெல்லாம் செய்கிற வழக்கம் என்றீர்கள். முதல் மூட்டில் அவிழ்த்தீர்கள், இரண்டாவதில் அவிழ்த்தீர்கள், நான்காவதிலும் அவிழ்த்தீர்கள். மூன்றாவதில் மட்டும் அவிழ்க்கவில்லை. அது சாக்கடைக்குப் பக்கத்தில் விழுந்த மூட்டு. எங்கள் வீட்டுக் கழிவோடு அடுத்த இரண்டு வீட்டுக் கழிவும் சேர்ந்து ஓடும் சாக்கடை.

"இந்தக் காலர் முடிக்கீறல் விட்டிருக்கு" என்றீர்கள். எனக்குக் கீறலே தெரியவில்லை. சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகவில்லையே என்று கேட்டேன். நீங்கள் மண்ணில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினீர்கள். "ஒழுகுற குழாயின்னா பயமில்ல மாப்பிள்ளே, கண்ணுல தெரிஞ்சுரும். இது உறிஞ்சுற குழாயி. பம்பை அடிக்கிறப்ப இந்தக் கீறல் வழியா வெளியில இருக்குறத உள்ள இழுக்கும். அங்கன பாருங்க, வெளியில என்ன இருக்குன்னு."

பார்த்தேன். புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை, மாமா. நன்றாகப் புரிந்தது.

புதுக் காலர் வாங்க நீங்கள் மதுரைக்குப் போனீர்கள். இரண்டு நாளில் வருவதாகச் சொன்னீர்கள். நீங்கள் போன மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் பந்தக்கால் ஊன்றுவதாக இருந்தது. பெரியப்பா விடியுமுன்பே வந்துவிட்டார். கொல்லைக்குப் போனவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"ஏலே, இங்கன வா. நல்ல காரியம் நடக்குற வீட்டுல இப்பிடிக் குழிய வெட்டி வாயப் பொளந்து போட்டுருக்கியே. இத வச்சுக்கிட்டா பந்தக்கால் ஊனப் போற?"

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டு எல்லைக்குள் குழி திறந்து கிடந்தால் அங்கே பந்தக்கால் ஊன்றக் கூடாது. திறந்த குழி வேறொன்றுக்கு உரியது. ராவுத்தர் மாமா நாளைக்கு வந்துவிடுவார், நாளைக்கு ஊன்றலாம் என்றேன். நாளைக்கு நாள் சரியில்லை என்றார் பெரியப்பா. அடுத்த நல்ல நாள் கல்யாணத்துக்கே அப்புறம்தான் வருகிறது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

மண்வெட்டியை எடுத்தது நான்தான். வேறு யாரையும் விடவில்லை. நாற்பது அடியையும் நானே மூடினேன். மூன்றாவது மூட்டுக்கு வந்தபோது கம்பி வெயிலில் புதுசாகப் பளபளவென்று இருந்தது. அதன்மேல் மண்ணைத் தள்ளினேன். பெண்கள் சாணி தெளித்துக் கோலம் போட்டார்கள். குழி இருந்த அடையாளமே தெரியவில்லை.

மறுநாள் பொழுது சாய நீங்கள் வந்தீர்கள். புதுக் காலரைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தீர்கள். கோலத்தின் ஓரத்தில் வந்து நின்றவர் அதை மிதிக்காமல் நின்றுகொண்டே இருந்தீர்கள். கோபப்படுவீர்கள் என்று நான் தயாராக இருந்தேன். நீங்கள் கோபப்படவில்லை.

"ஒரு மணி நேர வேலை மாப்பிள்ளே. அந்த ஒரு எடத்த மட்டும் தெறந்து விடுங்க."

கல்யாணம் முடியட்டும் என்றேன்.

"சரி. அப்ப முடியிற மட்டும் பம்பைத் தொடாதீக" என்று சொல்லிவிட்டு, சாக்குக் கயிறால் பம்பின் கைப்பிடியை இறுக்கிக் கட்டினீர்கள். போகும்போது அடுப்படி வாசலில் நின்ற என் மனைவியிடமும் சொன்னீர்கள், "நீயாவது பாத்துக்க தங்கச்சி."

கல்யாணத்தன்று சமையல்காரர்கள் தண்ணீர் போதவில்லை என்று கத்தினார்கள். கிணற்றடியில் கூட்டம். தேவாரத்துச் சம்பந்தி கைபம்பைச் சுற்றி வந்து பார்த்து, "இது அடிக்குமா, சும்மா அழகுக்கு நட்டு வச்சிருக்கீகளா?" என்று கேட்டுச் சிரித்தார். கயிற்றை அவிழ்த்ததும் நான்தான். என் மனைவி உள்ளேயிருந்து "ஏங்க, ராவுத்தரண்ணே சொன்னாகளே" என்றாள். அவள் சொன்னது காதில் விழாதது போல அடித்தேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. எல்லோரும் கூடிவிட்டார்கள். பேச்சி கல்யாணச் சேலையோடு வந்து இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்தாள். "கெணத்துத் தண்ணியக் காட்டியும் இது சில்லுன்னு இருக்குண்ணே" என்றாள். மறுவீடு முடிந்து தேவாரம் போகிற வரைக்கும் அவள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள். பம்பை அவளே அடித்து அவளே குடிப்பாள்.

இரண்டு வாரத்தில் சமையல்காரர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டோம். பிறகு எங்கள் தெருவில் இரண்டு பேருக்கு. அவர்கள் படுத்து எழுந்துவிட்டார்கள். பேச்சி எழுந்திருக்கவில்லை. குடல் காய்ச்சல், தண்ணீரில் வந்தது என்று டாக்டர் சொன்னார். கல்யாணமான நாற்பதாம் நாள் தேவாரத்தில் இறந்தாள். தகவல் வந்தபோது நான் முதலில் நினைத்தது அவளை அல்ல. அந்தக் கம்பியை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கருமாதிக்கு நீங்கள் தேவாரத்துக்கு வந்திருந்தீர்கள். பந்தலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றீர்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் எங்களைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர்தான் எங்கள் மருமகளைக் கொண்டுபோய்விட்டது, அந்தக் குழாயைப் போட்டவன் யார் என்று கேட்டார்கள். பெரியப்பா எழுந்து சொன்னார்.

"கம்பத்து ராவுத்தருதான் போட்டாக. எஸ்டேட்டுல வேலை பாத்தவகன்னு நம்பிக் குடுத்தோம். இப்பிடிப் பண்ணிப்புட்டாக."

எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை போதும் என்று காத்திருந்தீர்கள். 'மூடியது நான், அவிழ்த்தது நான்.' நான்கே சொல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணனுக்கு எவ்வளவு துக்கம் பாருங்கள் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னது கேட்டது. நிமிர்ந்தபோது மரத்தடியில் நீங்கள் இல்லை.

ஒரு வாரம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் மண்வெட்டி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தோண்டிப் பாப்பம் மாப்பிள்ளே. ஊர்ல நாலு பேர வச்சுக்கிட்டுத் தோண்டுவோம். அந்தக் கம்பி அங்கன இருந்துச்சுன்னா, நான் முடிஞ்சதுன்னு சொல்லலேன்னு அர்த்தம். இல்லாட்டி ஊரு சொல்றத நான் ஏத்துக்கிறேன்."

"தோண்டி என்ன மாமா ஆகப்போகுது. போன உசுரு வரவா போகுது" என்றேன்.

"தாயி உசுரு வராது. எம் பேரு வரும்" என்றீர்கள்.

நான் "பாப்போம் மாமா" என்றேன். பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்தது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அன்றைக்கு என் மனைவி அழுதுகொண்டே, "அவுகளக் கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லிப்புடுங்க" என்றாள். கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

அதன்பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் உங்களுக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை. உங்களை எனக்கு அடையாளம் காட்டிய மில்காரரே வேறு ஆளைக் கூப்பிட்டார். உங்கள் ஆட்களே ஒரு பள்ளிவாசலில் தொழ வருகிறவர்கள் கைகால் கழுவக் குழாய் போட்டபோது, உங்களை விட்டுவிட்டு வெளியூர் ஆளை வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அடுத்த வேளை இறங்கியது. நீங்கள் மறுபடியும் குமுளிக்கு மேலே போனீர்கள், பிட்டராக அல்ல, கூலியாக. உலகச் சண்டை நடந்த வருடங்களில் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துவிட்டீர்கள் என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். உங்களைக் கம்பத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்ததும் பஸ் ஏறினேன். கம்பத்தில் இறங்கினேன். ஒரு கடையில் வெற்றிலை வாங்கிப் போட்டேன். அடுத்த பஸ்ஸில் கூடலூருக்குத் திரும்பினேன். அவ்வளவுதான் நான் உங்களுக்குச் செய்த மரியாதை. உங்கள் வீட்டார் பிறகு ஊரைவிட்டே போய்விட்டார்கள். எங்கே என்று ஒன்றிரண்டு பேரிடம் கேட்டேன், தெரியவில்லை. தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பம்பு இத்தனை வருடமும் துருப்பிடித்து நின்றது. சண்டைக் காலத்தில் இரும்புக் குழாய் கிடைக்கவில்லை என்பது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. இப்போது என் மனைவிக்கு இறைத்து இறைத்துத் தோள் தூக்க முடியவில்லை. போன மாதம் வேறு வழியில்லாமல் தேனிக்குப் போய் ஒரு பிட்டரைப் பிடித்தேன். முப்பது முப்பத்தைந்து வயது ஆள், பொறுமையானவர். அவரிடமும் நான் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் செய்தேன். நம்பலாமா என்று நாலு இடத்தில் விசாரித்தேன். வெட்கம் கெட்ட ஜென்மம்.

அவர் ஒரு நிபந்தனை சொன்னார். "மூட்டெல்லாம் மாட்டிட்டு மூணு நாளு குழிய மூட மாட்டேன். அதுக்குச் சம்மதம்னா வாரேன்."

ஏன் மூன்று நாள் என்று கேட்டேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"முன்ன கம்பம் பக்கட்டு ஒரு ராவுத்தரு இருந்தாகளாம். அரைகுறையா வேலையப் பாத்து, பாக்காம கொள்ளாம குழிய மூடிப்புட்டு, ஒரு கல்யாணப் பொண்ணையே கொன்னுட்டாகன்னு சொல்வாக. அதுலருந்து எங்க ஆளுக யாரும் மூணு நாளைக்கு மூடுறதில்ல."

உங்கள் சட்டம், மாமா. நீங்கள் வைத்த சட்டத்தையே உங்களுக்கு எதிர்ச்சாட்சியாக வைத்து ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதையை உண்டாக்கிய நான் அவர் எதிரில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று அவர் பழைய குழாயைத் தோண்டி எடுத்தார். மூன்றாவது மூட்டுக்கு வந்ததும் மண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இங்கன பாருங்க, செம்புக் கம்பி சுத்தியிருக்கு. இது எஸ்டேட்டு வழக்கமாச்சே. இந்த மூட்டு சரியில்ல, மூடாதீகன்னு அர்த்தம். நல்லாத் தொழில் தெரிஞ்சவக யாரோதான் போட்டிருக்காக" என்றார். காலரைத் திருப்பிப் பார்த்தார். முடிக்கீறல் துருவேறி இப்போது நகம் நுழைகிற அளவுக்கு இருந்தது. "இம்புட்டுத் தெளிவா அடையாளம் வச்சுட்டுப் போயிருக்காக. பெறகு யாரு மூடுனது?"

அடுப்படி வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. தேவாரத்துச் சம்பந்தியும் இல்லை. பயப்பட வேண்டிய ஆள் ஒருவர்கூட இந்த உலகத்தில் மிச்சமில்லை. கேட்டவர் உங்கள் தொழில்காரர். நான் சொன்னால் தேனியிலிருந்து கூடலூர் வரை நாலே மாதத்தில் கதையைத் திருப்பிப் போட்டுவிடக்கூடியவர்.

"தெரியலப்பா. மழையில மண்ணு சரிஞ்சிருக்கும்" என்றேன்.

என் மனைவி உள்ளே போய்விட்டாள். பிட்டர் தலையை ஆட்டிவிட்டுக் கம்பியை அவிழ்த்து எறியப் போனார். அதை இங்கே கொடு என்று வாங்கிக்கொண்டேன். நீங்கள் வைத்துக்கொள்வது போல மடியில் செருகிக்கொண்டேன். இனி அது என்னோடுதான் இருக்கும். நான் சாகும்போது எடுத்துப் பார்ப்பவர்களுக்கு அது ஏதோ ஒரு கம்பித் துண்டு.

புதுக் குழாயை நேற்றுப் பொழுது சாய்வதற்குள் மாட்டி முடித்துவிட்டார். இன்று இரண்டாம் நாள். குழி திறந்து கிடக்கிறது. அவர் குழியோரத்தில் குந்தி ஒவ்வொரு மூட்டிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கிருந்தே தெரிகிறது. எழுந்து பத்து அடி நடந்தால் போதும், சொல்லிவிடலாம். நாளைக்கும் அவர் இருப்பார். சொல்ல இன்னும் ஒரு நாள் முழுதாக இருக்கிறது.

சொல்ல மாட்டேன், மாமா. நாளை மறுநாள் அவர் முடிந்துவிட்டது என்பார். நான் மண்வெட்டியை எடுப்பேன்.